சித்தப்பா செய்த அந்தோணியார்

சென்னையில் ஒரு கண்காட்சியில், குப்பையை ஒட்டிச் செய்த உருவத்துக்கு முன்னால் நின்று ஆகா ஓகோ என்கிறார்கள். நவீன சிற்பமாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் தூத்துக்குடியில் எங்கள் சித்தப்பா அதைச் செய்தபோது, தெருவில் அதற்குப் பெயர் கிறுக்கு.

யுத்த காலத்தில் கொழும்புக்குப் போன தோணி ஒன்று நடுக்கடலில் உடைந்தது. மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் சரிந்துபோன என் அப்பா அதில் இருந்தார். அவர் திரும்பவில்லை, கூடப் போன அவர் தம்பி, எங்கள் சித்தப்பா மட்டும் உயிரோடு கரை ஒதுங்கினார். உடல் கிடைக்காததால் அம்மா எதையும் நம்பவில்லை. இறந்தவருக்கான பூசை வைக்கச் சொன்னவர்களை விரட்டியடித்தாள். தினமும் அப்பாவின் வட்டிலில் சோறு போட்டு மூடி வைத்தாள். சித்தப்பாவிடம் பேச்சே கிடையாது. நடந்ததைச் சொல்ல அவரும் வாய் திறக்கவில்லை.

விடிந்ததும் அவர் கடற்கரைக்குப் போய், அலை ஒதுக்கியதையெல்லாம் பொறுக்கி வருவார். உடைந்த பலகை, துருப்பிடித்த பட்டாளத்துத் தகரம், அறுந்த வடம், சிப்பி. கொல்லையில் அவற்றை ஆணியடித்து ஆளுயரத்துக்கு ஒன்றை நிறுத்தினார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"ஏலே, காக்கா வெரட்டவா இத நட்டிருக்க?" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சிரித்தார்.

எனக்கு மட்டும் அது யாரென்று தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் மூக்குத்தி தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும் அந்தோணியாரிடம்தான் கேட்பார்கள். தொலைந்ததைத் தேடித் தருபவர் அவர். தொலைந்த சாமான்களாலேயே ஆன ஆள் வேறு யாராக இருக்க முடியும்? மெழுகுதிரித் துண்டு ஒன்றைக் கொளுத்தி வைத்து முழங்காலில் நின்றேன்.

"அந்தோணியாரே, எங்க அப்பாவத் தேடித் தாரும்."

நெருப்போடு விளையாடுகிறேன் என்று அடிக்க ஓடிவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அதுவரை அவள் அந்த உருவத்தை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

"அந்தச் சரிஞ்ச தோளு..." என்றாள்.

உருவத்துக்குப் பின்னால் ஆணியடித்துக்கொண்டிருந்த சித்தப்பா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மூஞ்சி எனக்கு வரல மதினி. ராத்திரி பூரா அந்தத் தோளத்தான் புடிச்சிட்டுக் கெடந்தேன். வெடியும்போது கை வழுக்கிட்டு."

அம்மா பலகைத் தோளைக் கட்டிக்கொண்டு கத்தி அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது.

அழுது முடித்தவள், மூடி வைத்திருந்த சோற்றை எனக்குப் போட்டாள். அப்பாவின் வட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அப்பா வரப்போகிறார், சூடாகப் பரிமாறத்தான் கழுவி வைக்கிறாள் என்று நினைத்தேன். அந்தோணியார் கைவிடமாட்டார். தலையைச் சீவிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.