ஏரிக்கரையைச் சுத்தம் செய்த கொழுந்தனார்

"அண்ணி, காலையில ஏரிக்கரைக்கு வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று நேற்று கொழுந்தனார் போன் செய்தார். இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, பஸ் மாறிப் போனேன்.

ஏரியை ஒட்டிய எங்கள் நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. என் கணவர் ஓய்வு பெற்றபின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வேரோடு தோண்டி எடுத்தார். அந்த இடத்தில் நீர்மருதும் நாவலும் புங்கனும் நட்டார். பாதி நிலம் முடிவதற்குள் போய்விட்டார்.

போன முறை பார்த்தபோது மருதங்கன்றுகள் என் தோள் உயரம் வந்திருந்தன.

இன்று அங்கே வெறும் செம்மண்தான் இருந்தது.

"அண்ணன் விட்டுட்டுப் போனத நான் முடிச்சிட்டேன் அண்ணி. ஜேசிபி வச்சு மொத்தமா எடுத்தாச்சு" என்றார் கொழுந்தனார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்தப் பக்கம் கன்னு இருந்துச்சே தம்பி?"

"கன்னா? அண்ணன் முள்ளு வெட்டுறாருன்னுதான் தெரியும். நட்டதுன்னு எதுவும் இருந்துச்சா அண்ணி?"

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல தம்பி, தானா முளைச்சதுதான். இடம் நல்லா சுத்தமா இருக்கு" என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். சத்திரம் வரும்வரை அழுகை நிற்கவில்லை.

திருச்சியில் நல்ல மருதங்கன்று எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொழுந்தனார் பேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். அவர் வீட்டில் யாராவது படித்தால், அவரிடம் சொல்லாமல், லைக்கும் போடாமல் கடந்துவிடுங்கள்.