எண்ணெய் போட்ட ரோத்தான்

ரவாங்கில் ஒரு பள்ளிக்கு லோரியில் மேசைகள் இறக்கப் போனேன். ஒரு வகுப்பிலிருந்து பழைய தேங்காய் எண்ணெய் வாடை வந்தது. கிள்ளானில் தண்டவாளத்தை ஒட்டி நின்ற எங்கள் பலகைப் பள்ளியின் வாடை அது. அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள்.

ரோத்தான் பிரம்பு பிளந்துவிடாமல் இருக்க, அடி வாங்கப் போகிறவனே அதற்கு எண்ணெய் தடவ வேண்டும் என்பது ஸ்டெல்லா டீச்சரின் வழக்கம். ரயில் போகும்போது சுவர்ப் பலகைகள் அதிர, மற்றவர்கள் வாய்ப்பாடு சொல்ல, நாங்கள் தடவிக்கொண்டிருப்போம். அவரிடம் ஆசிரியர் பயிற்சிக்கு வந்த கமலா டீச்சர் முதல் நாள் என் கையிலிருந்து ரோத்தானை வாங்கிக்கொண்டார்.

"பாவம் டீச்சர், சின்னப் பையன்."

"பாவம் பாத்தா கிளாஸ் அடங்காது லா. ஒனக்கு மார்க் போடறது நானு, இவன் இல்ல."

கடைசி வாரம் கமலா டீச்சரே எண்ணெய்ப் புட்டியை என்னிடம் நீட்டினார். பின்வரிசையில் ஸ்டெல்லா டீச்சர் சிரித்தபடி மார்க் போட்டார். மறு வருடம் நான் பள்ளிக்குப் போகவில்லை.

ரவாங் வகுப்பை எட்டிப் பார்த்தேன். ஒரு சிறுமி ரோத்தானுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு வந்த இளம்பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பின்வரிசையில், தலை நரைத்துப்போன கமலா டீச்சர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மேசைய அங்க வைப்பா. சத்தம் வரக் கூடாது, என் கிளாஸ் எப்பவும் அமைதியா இருக்கும்."

சத்தமில்லாமல் வைத்தேன்.