எல்லைக்கு இந்தப் பக்கம் டீசல் மலிவு

மாலை மூன்றே முக்காலுக்குக் கவிதாவின் போன் வந்தது. "அம்மா, ஜீப் மலையில நின்னுருச்சு. வளைவுல..." அவ்வளவுதான். திரும்ப அழைத்தால் சுவிட்ச் ஆஃப்.

கவிதா என் ஒரே மகள், மதுரையில் பொருளாதார ஆராய்ச்சி மாணவி. ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்து நாடுகளின் வரிகள் நாளடைவில் ஒன்றுபோல் ஆகின்றனவா என்பது அவள் தலைப்பு. ஐரோப்பாவுக்குப் போக வசதியில்லை. கையருகே உள்ள கேரள எல்லையையாவது பார்ப்போம் என்று காலையில் குமுளிக்குப் போயிருந்தாள்.

நான்கு மணிக்குத் தேனியில் குமுளி பஸ் ஏறினேன். அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சின்னமனூரில் வாழை, உத்தமபாளையம் தாண்டித் திராட்சைப் பந்தல். எதிலும் கண் நிற்கவில்லை. கம்பத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் குமுளியில் கடை வைத்திருப்பவர். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"குமுளி ஜீப்புன்னா கேரளா வண்டியாத்தான் இருக்கும். டீசல் தீந்துருக்கும்க்கா. அங்கன வரி கூட, இங்கன கம்மி. டீசல் முள்ளு அடியில கெடந்தாலும் அங்கன போட மாட்டாக. மலையடியில நம்ம பக்கம் இருக்கிற லோயர் கேம்ப் பங்க்குல போட்டுக்கிடலாம்னு இறங்கிருவாக. நானே ரெண்டு தடவ நின்னுருக்கேன்."

"ரெண்டாவது தடவையுமா?"

"பின்ன? மொதத் தடவ நின்ன நஷ்டத்த எங்கன பிடிக்கிறது?"

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவரே தொடர்ந்தார்: "ஜிஎஸ்டி வந்ததுல இருந்து எங் கடைச் சோப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே வரி. டீசலுக்கு மட்டும் அவுக அவுக இஷ்டம். நீங்க பங்க்குல இறங்கி நில்லுங்க. வண்டி எங்கன நின்னாலும் எண்ணெய்க்கு அங்கனதான் வரணும்."

ஐரோப்பாவிலும் எரிபொருள் மலிவான சின்ன நாட்டுக்குள் போய் நிரப்பிவிட்டுத் திரும்புகிறார்கள் என்று கவிதா சொல்லியிருக்கிறாள். இதற்குக் கீழே வரி போகக் கூடாது என்று எல்லா நாடுகளும் சேர்ந்து ஓர் அளவு வைத்திருக்கின்றனவாம். அதற்கு மேலே ஆளுக்கொரு விலை. என் முடிவை உறுதியாகவே சொல்வேன்: வரிகள் நெருங்கும், ஒன்றாகிவிடாது. தேடி வரும் வாடிக்கையை எந்த அரசு விடும்?

லோயர் கேம்ப்பில் இறங்கினேன். பங்க் வாசலில் வரிசையாகக் கேரளப் பதிவெண் வண்டிகள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன், அவள் இல்லை. இருட்டும் நேரத்தில் ஏலத்தோட்ட வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது.

"ஆத்தாடி, இந்தப் புள்ளைய இறக்கிவிடுங்க! நீங்க எங்க எண்ணெய் போடுறீக, ஏன் போடுறீகன்னு வழியெல்லாம் உசுர எடுத்துருச்சு" என்று உள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல்.

காலிக் கேனுடன் கவிதா குதித்தாள். நான் அழுவதைப் பார்த்தாள்.

"போன்ல சார்ஜ் தீந்துருச்சும்மா, ரொம்ப நேரம் எந்த வண்டியும் நிக்கல. ரெண்டு பக்கமும் ஒரே வரியா இருந்திருந்தா இந்நேரம் வீட்டுல இருந்திருப்பேன். அழாத, இந்தக் கேனப் பிடி. நான் வந்த ஜீப் டிரைவர் அண்ணன் மலையில தனியா நிக்கிறாக."