சுண்டல் என்கிற மணிப்பூர்க் குதிரை

குலாம் ரசூலின் குதிரைக்குப் பெயர் சுண்டல். பெசன்ட் நகர் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் ஐந்து குதிரைகளில் அதுதான் குள்ளம். அதன் முதுகு ரசூலின் மார்பு உயரம்கூட வராது. வடபழனியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற சேட்டுதான் அதை விற்றார். "மாப்ள கால் தரையில இடிக்குது பாய். எனக்கு வேலைக்கு ஆவாது" என்றார். ரசூலுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோவை விற்றுவிட்டுக் குதிரையோடு வீட்டுக்குப் போனார். மனைவி ஜரீனா ஒரு வாரம் அவருடன் பேசவில்லை.

மற்ற குதிரைக்காரர்கள், "இது குதிரையா, கொஞ்சம் வளந்த ஆடா?" என்று கேலி செய்தார்கள். ஆனால் சுண்டல் கடிக்காது, உதைக்காது. பக்கத்தில் பலூன் வெடித்தால் காதை மட்டும் திருப்பும். ஒரே கெட்ட பழக்கம், பந்தைக் கண்டால் பிய்த்துக்கொண்டு ஓடும். அதனால் ரசூல் கயிற்றை விடவே மாட்டார்.

போன மாசியில் ஒரு ஞாயிறு காலை, அடையாறில் பியூட்டி பார்லரில் வேலை செய்யும் தொய்பி என்ற பெண் கடற்கரைக்கு வந்தாள். மணிப்பூர்க்காரி, சென்னைக்கு வந்து எட்டு வருடம். சுண்டலைப் பார்த்ததும் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணா! இது எங்க ஊர்க் குதிரை! இங்க எப்படி?"

"சேட்டு வித்தது பாப்பா. இன்னா விசயம்?"

அவள் குதிரையைத் தடவித் தடவிக் காட்டினாள். "காது பாருங்க, சின்னதா, விறைப்பா. மூக்குத்தண்டு நடுவுல லேசா குழி. நெஞ்சு எவ்ளோ அகலம்! தோள் சரிவா இருக்கு, அதான் காலை நீட்டிப் போட்டு ஓடும். எங்க ஊர்லயே ஆயிரம் சொச்சம்தான் மிச்சம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா போலோ ஆடறவர். குதிரை மேல உக்காந்து கழியால பந்தை அடிக்கிற ஆட்டம்."

ரசூல் தயங்கியபடி பந்து விஷயத்தைச் சொன்னார். தொய்பி கத்தியேவிட்டாள். "அது கெட்ட பழக்கம் இல்லண்ணா! யாரோ ஆட்டத்துக்குப் பழக்கியிருக்காங்க!"

ஊரூர் குப்பத்து மீனவர் செம்பியன் படகிலிருந்து ஒரு மூங்கில் கழியை எடுத்துக் கொடுத்தார். பந்து, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுடையது. தொய்பி ஏறி உட்கார்ந்தாள். ரசூல் முதல்முறையாகக் கயிற்றை விட்டார். சுண்டல் பாய்ந்தது! பந்து இடது பக்கம் உருண்டால் இடது பக்கம், அலைப்பக்கம் போனால் அலைக்குள். ஓடுகிற வேகத்திலேயே சட்டென்று திரும்பியது. கூட்டம் விசிலடித்தது. ரசூல் செருப்பை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

"இன்னா நைனா, உன் ஆடு பறக்குது!" என்றார் செம்பியன்.

ரசூல் கூட்டிப்போனதும், கால்நடை மருத்துவர் ஷண்முகப்ரியா சுண்டலின் உயரத்தை அளந்தார், பிடரி முடியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். நாற்பது நாள் கழித்து ஃபோன் செய்தார்: "பாய், சந்தேகமே இல்ல. சுத்தமான மணிப்பூர்க் குதிரை." ரசூல் நேராகப் பார்லருக்கு ஓடினார். ஒருத்திக்குப் பாதி முடி வெட்டியிருந்த தொய்பி, கத்தரியும் கையுமாகத் தெருவிலேயே குதித்தாள்.

அவளுடைய அப்பா வீடியோவில் சுண்டலின் பல்லைப் பார்த்து ஒன்பது வயது என்றார். "அந்த மனுசரைக் கூட்டிட்டு வா" என்று மகளிடம் சொன்னார்.

அரக்கோணத்தைத் தாண்டியிராத ரசூல், கார்த்திகையில் தொய்பியோடு விமானம் ஏறினார். சுண்டலை ஜரீனா பார்த்துக்கொண்டாள். இம்பாலுக்கு வெளியே, பனி விலகாத ஒரு புல்வெளியில் நாற்பது குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் அதே உயரம், அதே காது, அதே நெஞ்சு.  ரசூல் ஃபோனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"ஜரீனா! இன்னாத்த சொல்றது, இங்க காடு பூரா சுண்டலா கீதும்மா!"