கவர் அக்காவின் எக்ஸ்ரே அறை

அந்தப் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவருக்குக் 'கவர் அக்கா' என்று பெயர் விழுந்து பன்னிரண்டு வருஷமாகிறது. நாற்காலியின் தலைப்பக்கம், எக்ஸ்ரே குழாய், அமுக்குகிற பொத்தான் என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஆள் புது பிளாஸ்டிக் கவர் மாட்டுவார். வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் மாட்டியாயிற்று. "விட்டா எனக்கும் ஒண்ணு மாட்டிடுவா" என்று அவர் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வாய்க்குள் வைத்துப் பல்லைப் படம் பிடிக்கும் சென்சாருக்குத்தான் ராஜ மரியாதை. அதைக் கொதிக்க வைத்தால் கெட்டுப்போகும். கவரை நம்பித்தான் பிழைப்பு. அதனால் கழற்றிய ஒவ்வொரு கவரையும் வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான் குப்பையில் போடுவார்.

அன்று கூட்டம் பிதுங்கியது. அடுத்து வந்தவர் பள்ளி பஸ் டிரைவர். மாற்றுச் சிறுநீரகம் வைத்து எட்டு மாதம் ஆகிறது. கொடுத்தது கூடவே வந்த தங்கை. அதை உடம்பு ஏற்றுக்கொள்ள டிரைவர் சாப்பிடும் மருந்து, நோயைத் தடுக்கும் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

"அண்ணனுக்கு எதுவும் தொத்திடக் கூடாதுக்கா. ஒரு சின்னக் கிருமி போதும், அந்தச் சிறுநீரகமே போயிடும்னு ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரியில பயமுறுத்தி அனுப்பியிருக்காங்க."

"கவலைப்படாதீங்கம்மா, நான் பார்த்துக்கறேன்."

சென்சார் டிரைவரின் உதடு வரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் அக்காவுக்குத் திக்கென்றது. முந்தின ஆளின் கவரைப் பார்த்தோமா? டாக்டர் "சீக்கிரம்" என்று குரல் கொடுத்த அவசரத்தில் அக்கா அதை அப்படியே குப்பையில் போட்டுவிட்டார். சென்சாரைத் துடைத்ததும் பேருக்குத்தான்.

பேசாமல் படம் எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்குத் தன் மேல் எரிச்சல் வந்தது. சென்சாரைத் தள்ளி வைத்துவிட்டு இடுக்கியால் குப்பையைத் துழாவினார். கவரின் மூலையில் பல் கடித்த ஓட்டை.

"டாக்டர், முந்தின கவர் கிழிஞ்சிருக்கு. நான் பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "செய்ங்க" என்றார். தங்கையின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அக்கா கை கழுவினார், புதுக் கையுறை மாட்டினார். சென்சாரைக் கிருமிநாசினியில் நனைத்துத் துடைத்து, மருந்து பாட்டிலில் எழுதியிருக்கிற நிமிஷக் கணக்கு முடியும்வரை ஈரம் காயாமல் காவல் நின்றார். "உள்ளே பல்லையே புதுசா செய்றாங்களா?" என்று வெளியே யாரோ அலுத்துக்கொண்டது காதில் விழுந்தது. விழட்டும். எல்லாக் கவரையும் மாற்றி, படம் எடுத்து, கழற்றிய கவரைத் தங்கையையும் கூப்பிட்டு வெளிச்சத்தில் காட்டினார். கிழிசல் இல்லை.

கையுறையைக் கழற்றிக் கை கழுவித் திரும்பியபோது தங்கை எதிரே நின்றார். சரி, திட்டு வாங்க வேண்டியதுதான் என்று அக்கா தலையைக் குனிந்தார். ஈரம் துடைக்காத அந்தக் கைகளைத் தங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ரொம்ப நன்றிக்கா. இன்னொரு தடவை குடுக்க எங்கிட்ட வேற இல்ல."