முரசுக்குப் போட்ட தையல்

ஜெர்மன் மொழியில் மேலண்ணத்துக்குக் ‘கௌமன்’ என்றும் கட்டைவிரலுக்கு ‘டௌமன்’ என்றும் பெயர். பதினெட்டு வருடம் இங்கே இருந்தும் முதலாவது சொல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஈறை எங்கள் ஊரில் முரசு என்போம். என் கீழ்ப்பல் ஒன்றில் முரசு இறங்கி வேர் தெரிகிறது, கௌமனிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து அதிலே தைக்கலாம் என்று பல் மருத்துவர் சொன்னபோது, நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டேன். முதியோர் இல்லத்தில் துணி மடிக்கிறவள், அந்த விரல் வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் வாயைத் திறந்து மேலே தொட்டுக் காட்டினார். பல்லை அழுத்தித் தேய்த்ததால் வந்த வினை என்றார். சின்ன வயதில் அக்காவும் நானும் கிணற்றடியில் போட்டிக்குத் தேய்த்தது ஞாபகம் வந்தது.

தைத்த இடத்தைவிட, சதை எடுத்த அண்ணம்தான் அதிகம் நொந்தது. முன்கூட்டியே மூன்று நாளுக்குக் கஞ்சி காய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். புண் ஆறியபின் குளிர்ந்த தண்ணீர் குடித்தாலும் பல் கூசவில்லை.

அடுத்த லீவில் திருகோணமலை போனபோது, உட்துறைமுக வீதிப் பக்கம் தனியாக இருக்கும் அக்கா, தலையைச் சரித்து ஒரு கன்னத்தால் தண்ணீர் குடித்தாள். அவளுக்கும் அதே பல். கூச்சம் தாங்காமல் அதைப் பிடுங்க நாளும் எடுத்திருந்தாள். நானும் கூடப் போனேன். டொக்டர் பல்லை அசைத்துப் பார்த்துவிட்டு, பல் உறுதியாக இருக்கிறது, சதை வைத்துத் தைக்கலாம் என்றார். அதைச் செய்கிற நிபுணர் மாதம் ஒருமுறைதான் கொழும்பிலிருந்து வருவார். அடுத்த முறை வருவது நான் திரும்பிப் போய் நாலாம் நாள்.

“நீ நிண்டாச் செய்யிறன். இல்லாட்டி இண்டைக்கே புடுங்கிப்போட்டுப் போவம்” என்றாள் அக்கா.

வெளியே வந்து என் மேற்பார்வையாளரை அழைத்து இன்னும் ஒரு வாரம் லீவு கேட்டேன். பல் என்னுடையது என்று நினைத்து, இங்கேயே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், வா என்றாள். அக்காவுடையது என்றேன். அதற்கு லீவு இல்லை. அக்கா எனக்கு அம்மா மாதிரி என்று விளக்கப் பார்த்தேன். அம்மாவுக்கு உடம்புக்கு என்ன வருத்தம் என்று அக்கறையாகக் கேட்டாள்.

அன்று பிடுங்க வேண்டாம், யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். வீட்டில் அக்கா என்னோடு கதைக்கவில்லை. பக்கத்து வீட்டு நசீமாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“நான் கூட்டிக்கொண்டு போறன். நீங்க யோசிக்காமப் போங்க” என்றார் அவர். அக்கா உடனே அவரைப் பார்த்து, “ஓம்” என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

சத்திரசிகிச்சைக்கு மறுநாள் காலை, வேலைக்குப் போக பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி வீடியோவில் அழைத்தேன். அங்கே மத்தியானம். அக்காவால் பேச ஏலாது. நசீமா கைபேசியைப் பிடித்துக்கொண்டு, தானே கஞ்சி ஆற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். தையலைக் காட்ட அக்கா உதட்டை இழுக்கப் போனாள். இழுக்காதே, தையல் விட்டுவிடும் என்று நான் கத்துவதற்குள் நசீமாவின் கை அவள் கையைப் பிடித்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று சைகையால் கேட்டாள்.

“ஓம்” என்றேன். பஸ் வந்து நின்றது. சாரதி என்னிடம் ஏதோ கேட்டார். அவருக்கும் “ஓம்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, என்னைத் தரிப்பிடத்திலேயே விட்டுக் கதவை மூடினார்.