புதன் கிரகத்து மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் என் தாய்மாமா கேட்ட முதல் கேள்வி, புதன் கிரகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேசரித் தட்டை அப்போதுதான் எல்லோர் கையிலும் கொடுத்திருந்தோம். வந்தவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பாரிசில் புதனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் நிலவியல் நடத்திய மாமாவுக்கோ சந்தேகமே அங்கேதான் தொடங்கியது.

அவர் தடுமாறவில்லை. கிரகத்தின் பெரும்பகுதி இரும்புக் கரு, அதன் வெளிப்பகுதி இன்னும் உருகிய நிலையில் இருக்கிறது, மேலே உள்ள பாறை வெறும் ஓடு என்றார். உள்ளே ஆற ஆறக் கிரகமே சுருங்கியதால் தரை மடிந்து நீண்ட சரிவுகள் எழுந்தன என்றார். மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி தம்பி. இதுல உங்களுக்கு இன்னும் எது புரியல?"

"எல்லாம் தெளிவாத்தான் இருக்கு சார்."

சமையலறைக்கு வந்த மாமா, அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவன் ஆராய்ச்சி பண்றவன் இல்ல. பண்றவனுக்குப் புரியாதது ஒண்ணாவது இருக்கும். அதப் பத்தித்தான் ஓயாம பேசுவான்."

"உனக்கு யாரத்தான் புடிக்கும்ண்ணே?" என்றாள் அம்மா.

அந்தச் சந்தேகம் அருகில் நின்ற என்னையும் தொற்றிக்கொண்டது. தனியாகப் பேச எங்களை மாடிக்கு அனுப்பியபோது, இன்னும் எது புரியவில்லை என்ற மாமாவின் கேள்வியையே நானும் கேட்டேன். அவர் தெருவையே பார்த்தபடி, "ஆராய்ச்சிய விட்டுட்டேங்க. ஒரு கிடங்குல வேல பாக்கறேன். அம்மாவுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார். கிடங்கு வேலை எனக்குக் குறையாகப் படவில்லை. சொல்லமாட்டேன் என்றேன். "ஆனா நீங்க உங்க அம்மாகிட்ட சொல்லணும். அப்புறம்தான் மத்ததப் பேசலாம்."

ஜாதகம் பொருந்தவில்லை என்று அந்த வாரமே அவர் வீட்டிலிருந்து சேதி வந்தது. அம்மா மாமாவோடு பேச்சை நிறுத்தினாள். நல்ல இடத்தைக் கேள்வி கேட்டே துரத்திவிட்டார் என்று உறவினரிடமெல்லாம் சொன்னாள். மாமா மறுக்கவில்லை. அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தால், வாசலில் நின்றே என்னிடம் பேசிவிட்டுப் போவார்.

அப்படி ஒருநாள் கேட்டார்: "மாடியில அவன் உங்கிட்ட என்னமோ சொன்னான், இல்ல?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

பதிலைக் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

இப்போது எனக்கு வேறிடத்தில் திருமணமாகிவிட்டது. அம்மாவும் மாமாவும் சமாதானமாகிவிட்டார்கள். நான் மட்டும் எதைச் சொன்னாலும், மாமா ஒரு கணம் என் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் 'சரி' என்கிறார்.